பாட்டி, அம்மா, பேத்தி: மூன்று தலைமுறைப் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது எப்படி

மகளிர் குழுவிலோ கல்லூரியிலோ "பெண்ணியம்: மூன்று தலைமுறைப் பார்வை" என்று தலைப்பு வைத்துக் கூட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பது ஓரளவு முன்பே தெரிந்ததுதான். அறுபதைத் தாண்டியவர் "எங்க காலத்துல இதெல்லாம் வாயைத் திறக்க முடியாது" என்று ஆரம்பிப்பார். இருபது வயதுப் பெண் பக்கத்தில் இருப்பவளிடம் "பூமர்" என்று முணுமுணுப்பாள். நாற்பத்தைந்து வயதுக்காரர் இருவருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருப்பார். நேரம் முடிந்துவிடும்.

இதில் பாதிச் சண்டை கருத்துச் சண்டையே இல்லை. யாருக்கு எந்த வயதில் எந்தச் சட்டம் வந்தது, எது கைக்கு எட்டியது, எது ஒரே வருஷத்தில் நழுவியது என்பதில்தான் பிளவு தொடங்குகிறது. அதனால் "பெண்ணியம்" என்ற சொல்லில் தொடங்காமல் ஆண்டுகளில் தொடங்க வேண்டும். கீழே உள்ளது தமிழ்நாட்டுச் சூழலுக்கான இரண்டு அமர்வுத் திட்டம். முதல் அமர்வு பெண்ணுரிமை பற்றி, இரண்டரை மணி நேரம். இரண்டாவது பாலின அடையாளம் பற்றி, இரண்டு மணி நேரம். இடையில் ஒரு வாரம் விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் இரண்டாவது விஷயம் கடைசி இருபது நிமிடத்தில் கேலியாக முடியும்.

யார், எத்தனை பேர், எங்கே

பன்னிரண்டு பேர். 1950-65இல் பிறந்தவர் நால்வர், 1970-85இல் பிறந்தவர் நால்வர், 1998க்குப் பிறகு பிறந்து பதினெட்டு நிறைந்தவர் நால்வர். ஆளுக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு நிமிடம் என்றாலே 72 நிமிடம் போய்விடும். பதினைந்துக்கு மேல் போனால் பேசுபவர் ஐந்து பேர், கேட்பவர் மீதிப் பேர் என்றாகிவிடும்.

ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் வேண்டாம். அம்மாவும் மகளும்கூட வேண்டாம். வந்தே தீருவோம் என்றால் வேறு வேறு நாளில் வரட்டும். வீட்டுக்குப் போய் "அங்க என்ன சொன்ன நீ?" என்று கேட்கப்படும் என்று தெரிந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். சுய உதவிக் குழுவாக இருந்தால் தவணை கட்டும் நாளைத் தவிருங்கள். கடன் பாக்கி இருப்பவர் குழுத் தலைவியை எதிர்த்துப் பேசமாட்டார். அதைத் தலைமுறை மரியாதை என்று நாம் தப்பாக எழுதிவைப்போம்.

மூத்தவர் நால்வரில் இருவராவது கூலி வேலை செய்தவராக இருக்கட்டும். இதை விட்டால் திட்டமே சாய்ந்துவிடும். "எங்க காலத்துல பொம்பளைங்க வேலைக்குப் போகக்கூடாது" என்பது சில சாதி, சில வசதி உள்ள வீடுகளின் வரலாறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தலித் பெண்ணுக்கு வேலைக்குப் போகும் உரிமை ஒரு கோரிக்கையாகவே இருந்ததில்லை. ஆணுக்குக் கொடுத்த கூலி ஏன் எனக்கில்லை, வரப்பில் யாரும் என்மேல் கைவைக்கக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது; ஆணும் பெண்ணும் ஒரே கூலியைக் கையில் வாங்குவதை அவர்களில் பலர் முதலில் பார்த்தது நூறு நாள் வேலையில்தான். இந்தக் குரல் வட்டத்தில் இல்லாவிட்டால், நடப்பது தலைமுறைகளின் உரையாடலாக இருக்காது; ஒரே தெருவின் உரையாடலாக இருக்கும்.

இடம்: நூலகம், பள்ளி வகுப்பறை, வேலை நேரம் முடிந்த அங்கன்வாடி. ஆண்கள் வந்துபோகும் ஊராட்சி அலுவலகம் ஒத்துவராது. பாயில் வட்டமாக உட்காருவது அழகுதான், ஆனால் முழங்கால் வலிக்காரர் இரண்டு மணி நேரம் தாங்க மாட்டார். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டால் அது தலைமை நாற்காலி ஆகிவிடும். ஒருவருக்கு நாற்காலி என்றால் எல்லோருக்கும் நாற்காலி. நேரம் சனிக்கிழமை மதியம் இரண்டரை முதல் ஐந்து வரை. சமையலும் முடிந்திருக்கும், சீரியலும் தொடங்கியிருக்காது.

பொருள்கள்

ஆறு மீட்டர் கயிறு, நாற்பது கிளிப், மூன்று நிறத்தில் போஸ்ட்கார்டு அளவு அட்டை. மூடி போட்ட பாத்திரம் இரண்டு. வெளியில் இருந்து உள்ளே தெரியக் கூடாது. புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, மொச்சை வகைக்கு நாற்பது. மூத்தவருக்குப் புளியங்கொட்டை, நடுவயதினருக்குக் கடலை, இளையவருக்கு மொச்சை. பாத்திரத்தின் அடியில் துணி விரித்துவிடுங்கள். விழும் சத்தம் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் போட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் அமர்வு: கயிற்றில் ஆண்டுகள் (40 நிமிடம்)

சுவரில் கயிற்றைக் கட்டி இந்த அட்டைகளை முன்கூட்டியே மாட்டிவையுங்கள்:

1929 – செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம்
1968 – சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகிறது
1983 – கணவர் வீட்டுக் கொடுமைக்கு 498ஏ பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86)
1989 – தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. அதே ஆண்டு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள்
1992 – சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம்
2005 – நாடு முழுவதும் மகளுக்குச் சம பங்கு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்
2013 – பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்
2018 – தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு, அக்டோபரில் பாலியல் துன்புறுத்தலை வெளியே சொன்ன மீடூ இயக்கம்

பிறகு ஒவ்வொருவரும் தன் நிற அட்டையில் நான்கு ஆண்டுகளை எழுதி மாட்டட்டும்: கல்யாணம் (ஆகியிருந்தால்), தன் பெயரில் முதல் வங்கிக் கணக்கு, தன் சொந்தக் கைப்பேசி, முதல்முறை தனியாக வெளியூர் போனது. எழுதத் தெரியாதவர் சொல்ல இளையவர் எழுதலாம். ஆண்டு நினைவில்லாவிட்டால் "பெரியவன் பொறந்த வருஷம்" என்று சொன்னாலும் கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த அமர்வின் உயிரே 1989 அட்டைதான், அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டுத் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு அது பொருந்தவில்லை. ஆக 1985இல் கல்யாணமான அக்காவுக்குப் பங்கில்லை, 1990இல் கல்யாணமான தங்கைக்குப் பங்குண்டு. இருவரும் ஒரே அப்பாவின் மக்கள். 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் இந்தக் கல்யாணக் கோட்டை அழித்தது, ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையைத் தொடவில்லை. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவை இந்து கூட்டுக் குடும்பச் சொத்துக்கான விதிகள். கிறிஸ்தவர், முஸ்லிம் பெண்கள் வட்டத்தில் இருந்தால் அவர்களுக்குச் சட்டம் வேறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது கேளுங்கள்: "பங்கு கேட்டீங்களா? கேட்கலைன்னா ஏன்?" இளையவர் எதிர்பார்க்கும் பதில் "தெரியாது" என்பது. வரும் பதில் பெரும்பாலும் வேறு. தெரியும், ஆனாலும் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம் என்பார்கள். பங்கு வாங்கினால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், புருஷன் அடித்தால் போய் நிற்க இடம் வேண்டும் என்று போட்ட கணக்கு அது. (பெண் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு "விடுதலை" என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு.) சம்பளமும் விடுதி அறையும் உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கு கோழைத்தனமாகத் தெரியலாம். போய் நிற்க வேறு இடம் இல்லாத காலத்தில் அதுதான் காப்பீடு. இந்த இடத்தில் இளையவர் முகம் மாறுவதைப் பார்த்தாலே அமர்வு நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சொல் பிரிப்பு (20 நிமிடம்)

தலைமுறைக்குத் தலைமுறை சொல் வேறு. சுயமரியாதை இயக்க மேடைகள் தந்தது "பெண் விடுதலை". 1981இல் சென்னையில் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போன்ற அமைப்புகளின் கொடிகளில் "பெண்ணுரிமை", "மாதர்". "பெண்ணியம்" சிறுபத்திரிகை, பல்கலைக்கழகம் வழியாகப் பரவியது. இப்போது ரீல்ஸில் "ஃபெமினிசம்", அதிலும் பாதி கிண்டலாக. இதனால்தான் வரதட்சணை மரணத்துக்காகக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்த பெண்மணியே "நான் ஃபெமினிஸ்ட் எல்லாம் இல்லம்மா" என்கிறார். அவர் மறுப்பது சொல்லை. "இந்தச் சொல் காதில் விழுந்தால் யார் முகம் நினைவுக்கு வருது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். வரையறை கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முகம் கேட்டால் எல்லோரிடமும் பதில் இருக்கும்.

விதை வாக்கு (30 நிமிடம்)

எட்டுக் கூற்றுகள், ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு விதை. சரி என்றால் வலப் பாத்திரம், இல்லை என்றால் இடப் பாத்திரம். கூற்றுகள் பொருளைத் தொடட்டும், கொள்கையைத் தொட வேண்டாம். "ஆணும் பெண்ணும் சமம்" என்று போட்டால் பன்னிரண்டும் வலப் பக்கம் விழும், பயனில்லை. இப்படிப் போடுங்கள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் ஏடிஎம் கார்டு அவள்கிட்டயே இருக்கணும்." "தாலி போடலைன்னா பரவாயில்லை." "மாதவிலக்கு நாளில் பூஜை அறைக்குப் போகலாம்." "ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவளுக்கு மாமியார் சோறு எடுத்து வைக்கணும்." "மகனுக்கும் பாத்திரம் விளக்கக் கத்துக்கொடுக்கணும்." மீதி மூன்றை உங்கள் ஊருக்கு ஏற்றபடி எழுதிக்கொள்ளுங்கள். கோயில் நுழைவு வழக்குகள், கட்சி அரசியல் இரண்டும் முதல் அமர்வில் வேண்டாம். அவை வந்தால் வேறெதுவும் வராது.

எண்ணும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒரு தலைமுறையின் நான்கு விதைகளும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் யார் எதைப் போட்டார் என்பது வெட்டவெளிச்சம். அந்தக் கூற்றுக்குத் தலைமுறைக் கணக்கைச் சொல்லாமல் மொத்தத்தை மட்டும் சொல்லுங்கள்.

எதிர்பார்ப்பு எங்கே உடைகிறது என்று கவனியுங்கள். ஏடிஎம் கார்டில் மூத்தவர்கள் இளையவர்களைவிடக் கறாராக இருப்பது புதிதல்ல. கையில் காசில்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள். தாலியில் நடுவயதினர் ஒதுங்குவார்கள். இளையவருக்கு அது தன் கழுத்து, மூத்தவருக்குத் தன் காலம், நடுவயதினருக்கு மகளின் வரன்.

திருப்பிச் சொல்லுதல் (40 நிமிடம்)

விதைகள் அதிகம் பிரிந்த இரண்டு கூற்றுகளை மட்டும் எடுங்கள். விதி ஒன்றே ஒன்று: பதில் சொல்லும் முன், எதிரில் இருப்பவர் சொன்ன காரணத்தைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதான் நான் சொன்னது" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில். இளையவர் மூன்று முறை தவறுவார், மூத்தவர் ஐந்து முறை தவறுவார், இடையே சிரிப்பு வரும். வரட்டும். மீதி இருபது நிமிடம் டீக்கு. டீ ஊற்றுவது இந்த முறை நடுவயதினர் இல்லை.

இரண்டாவது அமர்வு: பாலின அடையாளம்

இங்கே வயதை வைத்துக் கணித்தால் ஏமாந்துபோவீர்கள். மூத்தவர்களில் பலர் திருநங்கைகளைக் கண்ணால் பார்த்து, பேசிப் பழகியவர்கள். கூத்தாண்டவர் கோயிலும் சித்திரையில் கூவாகத்துக்குப் போகும் கூட்டமும் அவர்களுக்குச் செய்தி இல்லை, தெரிந்த சங்கதி. ஆனால் அந்த ஏற்பு ஆசீர்வாதம் வாங்கும் தூரத்தில் நின்றுவிடும். இளையவர்களுக்கு எல்லாச் சொற்களும் தெரியும். அவர்களில் பலர் ஒரு திருநங்கையோடு பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் பொதுவான இடைவெளி திருநம்பி. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாகத் தன்னை உணர்பவர் என்றதும் "அப்படியும் உண்டா?" என்ற கேள்வி மூன்று தலைமுறையில் இருந்தும் வரும்.

முதல் இருபது நிமிடம் சொற்களுக்கு. திருநங்கை, திருநம்பி, இருவரையும் சேர்த்துத் திருநர், ஊடுபால் (ஆண், பெண் என்ற உடல் வகைக்குள் அடங்காமல் பிறந்தவர்), பால்புதுமையர் (பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர், ஆங்கிலத்தில் குயர்). சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது, ஆகவே "இதெல்லாம் நீங்களா வச்ச பேரு" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. மூத்தவர் "அரவாணி" என்றால் பதறாதீர்கள். அவர் காலத்தில் அது மரியாதைச் சொல். "இப்போ திருநங்கைன்னு சொல்றோம் பாட்டி" என்றால் போதும். எண்ணைச் சொல்லித் திட்டும் வசைச்சொல்லோடு அதைச் சேர்த்துக் கண்டித்தால் அவர் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார்.

ஆங்கிலத்தில் பெரிய சண்டையாக நடக்கும் பிரதிப்பெயர் (ஹீயா, ஷீயா) விவகாரம் தமிழில் பாதி தீர்ந்தே இருக்கிறது. "அவங்க வந்தாங்க" என்றால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது. சிக்கல் வருவது வயதில் இளையவரிடம். பெரியவர்கள் பழக்கத்தில் "அவ வந்தா", "வாடி" என்பார்கள், அங்கே பால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த அமர்வில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் "அவங்க" என்று விதி வையுங்கள். பேத்தியை "நீங்க" என்று கூப்பிடும் பாட்டிகளை அன்று பார்க்கலாம்.

அடுத்து மறுபடி விதைகள். கூற்றுகள் தூரத்தை அளக்கட்டும்: திருநங்கையிடம் காய் வாங்குவேன், பேருந்தில் பக்கத்தில் உட்காருவேன் (சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை), என் குழுவில் உறுப்பினராகச் சேர்ப்பேன், மாடியை வாடகைக்கு விடுவேன், என் மகன் ஒரு திருநங்கையைக் கட்டிக்கொண்டால் ஏற்பேன், என் வீட்டுக் குழந்தையே வந்து சொன்னால் வீட்டில் வைத்திருப்பேன். காயில் இருந்து வீட்டுக்கு வர வர வலப் பாத்திரம் காலியாகும். எந்தப் படியில் யார் நின்றார்கள் என்பதைத்தான் பேச வேண்டும். ஐந்தாவது படிக்கு ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும்: இந்து திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத பால்மாற்று அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றதும் அதே தீர்ப்பு. அதன்பின் அரசாணையும் வந்தது. பிரசவம் பார்த்த அனுபவமுள்ள பாட்டி வட்டத்தில் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர் பேசுவதை மற்றவர்கள் கேட்கட்டும்.

சான்றிதழ், அடையாள அட்டை நடைமுறை பற்றிக் கேட்டால் நினைவில் இருந்து பதில் சொல்லாதீர்கள். விதிகள் மாறும். முன்தினமே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

திருநங்கை ஒருவரை அழைப்பதானால் இரண்டு அமர்வுக்கும், பன்னிரண்டு பேரில் ஒருவராக, அவர் வயதுக்குரிய வட்டத்தில் அழையுங்கள். இரண்டாவது அமர்வுக்கு மட்டும் வரவழைத்துக் "கதை சொல்லுங்க" என்று உட்காரவைப்பது காட்சிப்பொருள் வேலை. பயிற்சியாளராக வந்தால் மற்ற பயிற்சியாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம், போக்குவரத்துச் செலவு தனி. பழைய பெயர், அறுவை சிகிச்சை, வருமானம் மூன்றையும் கேட்கக் கூடாது என்று அவர் வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே கெடும்

இணையத்தில் வெளிநாட்டுச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். "பெண் என்றால் யார்" என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025இல் சொன்னதை ஓர் இளையவர் எடுத்துவருவார், இன்னொருவர் கொதிப்பார், மூத்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஒரு தாளில் "பிறகு" என்று தலைப்பிட்டு அதை எழுதிவையுங்கள். ஆனால் விடுதி, கழிப்பறை பற்றி யாராவது உண்மையான பயத்தைச் சொன்னால் அதைப் பிற்போக்கு என்று வெட்டிவிடாதீர்கள். எந்த விடுதி, எந்தக் கதவு, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இறங்கிக் கேளுங்கள். பெரும்பாலும் பயம் தாழ்ப்பாள் இல்லாத கதவில் போய் நிற்கும், அது இரண்டு தரப்புக்கும் பொதுவான பயம்.

யாராவது வீட்டு அடிதடியைச் சொல்லிவிட்டால் விவாதத்தை அத்தோடு நிறுத்துங்கள். அவரைத் தனியே அழைத்துப் பேச ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 181 மகளிர் உதவி எண், 15100 இலவச சட்ட உதவி, 14416 மனநல உதவி. மூன்றையும் சுவரில் எழுதிவைப்பதைவிடச் சிறு சீட்டாக எல்லோருக்கும் கொடுங்கள். எல்லோர் கையிலும் இருந்தால் யாருக்குத் தேவை என்று தெரியாது.

ஓர் இளையவர் தன் அடையாளத்தையே அங்கு சொல்லிவிடலாம். கைதட்டாதீர்கள், அதிர்ச்சியும் காட்டாதீர்கள். "சொன்னதுக்கு நன்றி, இது இந்த அறையை விட்டுப் போகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கூற்றுக்கு நகருங்கள். பிறகு தனியே, வீட்டில் யாருக்குத் தெரியும், தெரிந்தால் ஆபத்து உண்டா என்று மட்டும் கேளுங்கள். இதற்காகத்தான் இரண்டு அமர்விலும் கைப்பேசிகள் வாசலில் ஒரு கூடையில்.

நடத்துபவரே தரப்பு எடுத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் நடத்துபவர் நாற்பதுகளில் இருப்பார். பாட்டியிடம் மருமகளாகவும் பேத்தியிடம் அம்மாவாகவும் பேச ஆரம்பித்துவிடுவார். முடிந்தால் இருவர் நடத்துங்கள், ஒருவர் முப்பதுக்குக் கீழ், ஒருவர் ஐம்பதுக்கு மேல். மூத்தவர் எல்லை மீறினால் இளைய நடத்துபவர் தடுக்கக் கூடாது, இளையவர் மீறினால் மூத்த நடத்துபவர் தடுக்கக் கூடாது. அந்தந்த வயதுக்காரரே தடுத்தால்தான் தடுப்பு திட்டாகக் கேட்காது.

ஒரு மாதம் கழித்து, அதே எட்டுக் கூற்றுகளோடு அரை மணி நேரம் மறுபடி விதை போட்டுப் பாருங்கள். குறிப்பேட்டில் பெயர் வேண்டாம். எத்தனை கொட்டை, எத்தனை கடலை, எத்தனை மொச்சை, எந்தப் பாத்திரம் என்று மட்டும் எழுதுங்கள். முதல் நாள் விதைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுண்டல் செய்துவிட்டீர்கள் என்றால் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கொட்டை மட்டும் மிஞ்சியிருக்கும்.